சுழலும் கியர்பாக்ஸ் ரெண்டரில் மோஷன் பிளர்: பற்கள் கரைந்துபோகாமல் காட்டுவது எப்படி?

சுழலி

வணக்கம் நண்பர்களே. உறையைத் திறந்து காட்டும் ஒரு கியர்பாக்ஸ் மாதிரியை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், அதன் சைக்கிள்ஸ் ரெண்டரரைக் கொண்டு ரெண்டர் செய்கிறேன் (மாதிரியைப் படமாக்குகிறேன்). மோட்டார் தண்டின் ஒரு முனையில் 20 பல் பினியன் (சிறிய பல்சக்கரம்), மறுமுனையில் 6 இறக்கை உள்ள குளிர்விப்பு விசிறி. பினியன் ஒரு 60 பல் சக்கரத்தை ஓட்டுகிறது. அந்தச் சக்கரத்தின் முகத்தில் வட்டமாக 6 போல்ட். கேட் (கணினி வரைவு) மென்பொருளிலிருந்து வந்த மாதிரி என்பதால் போல்ட், வாஷர் எல்லாம் தனித்தனிப் பொருள்கள். அவற்றைச் சக்கரத்தோடு பேரன்ட் செய்து (சேர்ந்து நகரும்படி இணைத்து) வைத்திருக்கிறேன்.

வேண்டியது ஒரே ஒரு நிலைப்படம், கையேட்டில் போடுவதற்கு. பார்த்தவுடனே இயந்திரம் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். எந்தச் சக்கரம் எதை ஓட்டுகிறது, பற்கள் எங்கே சேர்கின்றன என்பதும் புரிய வேண்டும்.

மோட்டாரின் உண்மை வேகத்தையே, 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3000 சுற்று), கொடுத்தேன். மோஷன் பிளர் (ஓடும் பொருள் இழுபட்டு மங்கலாகத் தெரிவது) போட்டேன்: நொடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் 0.5, அதாவது ஒரு ஃபிரேம் நேரத்தில் பாதி திறந்திருக்கும். இப்போது மூன்று தொல்லைகள். இரண்டு சக்கரங்களிலும் பற்களே இல்லை, வழவழப்பான வளையம் மட்டும் தெரிகிறது. போல்ட்களின் மங்கல் கோடு அவை இருக்க வேண்டிய வட்டத்தில் இல்லாமல் மையத்தை நோக்கி உள்வாங்கி நிற்கிறது. ஷட்டரைக் கண்டபடி குறைத்தால் எல்லாம் உறைந்துபோனதுபோல் இருக்கிறது. இதற்கு ஏதாவது கணக்கு உண்டா, அல்லது கூர்மையான படத்தை எடுத்து கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் மங்கலைப் பூசிவிடுவதுதான் சுலபமா?

பல்லிணை

கணக்கு உண்டு. உங்கள் படத்தில் நடந்ததும் அந்தக் கணக்குப்படிதான்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் தண்டு எத்தனை பாகை சுழல்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஆர்பிஎம்மை 6ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை பாகை என்று வரும். 3000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 18,000 பாகை. 24 ஃபிரேமில் 0.5 ஷட்டர் என்பது 1/48 நொடி, ஆக 375 பாகை. ஒரு முழுச் சுற்றைத் தாண்டிவிட்டது. 60 பல் சக்கரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 125 பாகை. அதன் பல் இடைவெளியோ (ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் வரை) வெறும் 6 பாகை. ஒவ்வொரு பிக்சலையும் இருபதுக்கு மேற்பட்ட பற்கள் கடந்து போகும்போது வளையம்தான் வரும். ரெண்டர் தப்பு செய்யவில்லை.

அதனால் நிலைப்படத்துக்கு உண்மை ஆர்பிஎம்மிலிருந்து தொடங்காதீர்கள். பல் இடைவெளியிலிருந்து தொடங்குங்கள்.

பிட்ச் வட்டத்தில் (பற்கள் பொருந்தி ஓடும் கற்பனை வட்டம்) பல்லின் தடிமன் இடைவெளியில் பாதி, பள்ளம் மறுபாதி. ஷட்டர் நேரத்தில் சக்கரம் அரை இடைவெளி நகர்ந்தால் பல்லின் கெட்டியான நடுப்பகுதி முழுக்கக் காணாமல் போகும். எந்த இடமும் முழு உலோகமாகவும் இருக்காது, முழு வெற்றிடமாகவும் இருக்காது. மூன்றில் ஒரு பங்கு நகர்ந்தால் இடைவெளியில் 1/6 பங்கு கெட்டியாக மிஞ்சும். கால் பங்கு என்றால் 1/4 மிஞ்சும். கையேட்டுப் படத்துக்கு இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பதுதான் சரி. சரியாக ஒரு முழு இடைவெளி நகர்ந்தால் பல் இருந்த தடமே இருக்காது.

பினியனின் இடைவெளி 18 பாகை, அதில் மூன்றில் ஒரு பங்கு 6 பாகை. அதே நேரத்தில் பெரிய சக்கரம் 2 பாகை சுழலும். அதுவும் தன் 6 பாகை இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குதான். பொருந்தி ஓடும் சக்கரங்களில் இந்தப் பங்கு எப்போதும் சமமாகவே அமையும். ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் போதும், மற்றது தானாக வந்து நிற்கும்.

பிளெண்டரில் செய்வது: ஃபிரேம் வேகத்தை மறந்துவிடுங்கள். ஷட்டரை 1.0 என்று வைத்து, ஒரு ஃபிரேமுக்கு பினியன் தண்டு 6 பாகை, பெரிய சக்கரம் எதிர்த்திசையில் 2 பாகை என்று சுழல விடுங்கள். ஷட்டர் நிலை ஃபிரேமின் நடுவில் இருக்கட்டும். டிரைவர் (மதிப்பைக் கோவையால் கணக்கிடும் வசதி) போட்டால் கோணம் ரேடியனில் போக வேண்டும்: ஃபிரேம் எண்ணை 0.10472ஆல் பெருக்கினால் 6 பாகை, 0.03491ஆல் பெருக்கினால் 2 பாகை. டிரைவர் கோவையில் 'ஃபிரேம்' என்ற உள்ளமைந்த மாறியையே பயன்படுத்துங்கள். காட்சியின் நடப்பு ஃபிரேம் எண்ணைப் பண்பாக எடுத்தால் அது முழு எண்ணாகவே வரும். ஃபிரேமுக்கு இடைப்பட்ட நேரங்களில் கோணம் மாறாது, மங்கலும் விழாது.

கீஃபிரேம் (குறிப்பிட்ட ஃபிரேமில் நிலையைப் பதிவது) போடுவதாக இருந்தால் இடைக்கணிப்பை லீனியர் (சீரான வேகம்) ஆக்க மறக்க வேண்டாம். இயல்பாக வரும் பெசியே வளைவில் முதல் கீஃபிரேமிலும் கடைசியிலும் வேகம் பூஜ்யம். அங்கே நின்று ரெண்டர் செய்தால் சக்கரம் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். மோஷன் பிளர் வேலையே செய்யவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு முதலில் பார்க்கச் சொல்லும் இடம் இதுதான். கீஃபிரேம்களின் நடுவில் உள்ள ஓர் எண்ணில், 10ஆம் ஃபிரேம் போல, ரெண்டர் செய்யுங்கள்.

மாதிரி ஜிஎல்டிஎஃப் கோப்பு வழியாக வந்திருந்தால் பொருள்களின் சுழற்சி முறை குவாட்டர்னியன் (சுழற்சியை நான்கு எண்களில் குறிக்கும் முறை) என்று இருக்கும். யூலர் கோணத்தில் (அச்சுக்கு ஒரு கோணம்) போட்ட டிரைவர் அதைத் தொடவே தொடாது. முறையை எக்ஸ்ஒய்இசட் யூலர் ஆக்கிவிட்டு, பொருளின் மூலப்புள்ளி (பொருள் சுழலும் மையம்) தண்டின் அச்சில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட் இறக்குமதியில் அது பெரும்பாலும் முழுத் தொகுப்பின் ஆரம்பப் புள்ளியில் போய் உட்கார்ந்திருக்கும்.

நிழற்கோடு

போல்ட் உள்வாங்குவதற்குக் காரணம் வேறு. பல்லிணை சொன்னபடி கோணத்தைக் குறைத்தாலே அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனாலும் காரணம் தெரிந்திருப்பது நல்லது, பெரிய கோணம் தேவைப்படும் படத்தில் திரும்ப வரும்.

சைக்கிள்ஸ் ஷட்டர் நேரத்தில் ஒரு சில கணங்களில் மட்டும் பொருளின் நிலையைக் குறித்துக்கொள்கிறது. பொருளின் மோஷன் பிளர் பகுதியில் ஸ்டெப்ஸ் 1 என்றால் 3 கணங்கள், 2 என்றால் 5, 3 என்றால் 9. இடைப்பட்ட நேரத்துக்குச் சுழற்சியைச் சுழற்சியாகவும், இடப்பெயர்ச்சியை நேர்கோடாகவும் கணக்கிடுகிறது. சக்கரத்தின் மூலப்புள்ளி அச்சிலேயே இருப்பதால் அது எங்கும் நகர்வதில்லை, சுழற்சி மட்டும்தான், ஆகவே வட்டம் சரியாக வருகிறது. போல்ட்டின் மூலப்புள்ளி போல்ட்டிலேயே இருக்கிறது. அது வட்ட வில்லில் போகாமல் நாணில், அதாவது குறுக்கே நேர்கோட்டில் போகிறது. சக்கரம் 125 பாகை சுழலும்போது 3 கணங்களுக்கு இடையில் தலா 62.5 பாகை. அதில் பாதியான 31.25 பாகையின் கோசைன் 0.855. ஆக நடுவழியில் போல்ட் தன் ஆரத்தில் 14.5 சதவீதம் உள்ளே வந்துவிடுகிறது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

தீர்வு இரண்டு. போல்ட், வாஷர் எல்லாவற்றையும் சக்கரத்தோடு ஜாயின் செய்து ஒரே பொருளாக்கலாம், மெட்டீரியல்கள் தனித்தனியாகவே இருக்கும். அல்லது போல்ட்களின் மூலப்புள்ளியைச் சக்கரத்தின் அச்சுக்கு மாற்றலாம். ஸ்டெப்ஸைக் கூட்டுவதும் உதவும், ஆனால் நூற்றுக்கணக்கான பாகங்கள் உள்ள தொகுப்பில் ஒவ்வொன்றுக்கும் கூட்டுவது வீண் வேலை.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் பழைய அமைப்பில் தண்டு ஒரு துண்டுக்கு (அடுத்தடுத்த இரண்டு கணங்களுக்கு இடையில்) 187.5 பாகை சுழன்றது. 180ஐத் தாண்டினால் இடைக்கணிப்பு குறுக்கு வழியைப் பிடித்து எதிர்ப்பக்கமாக 172.5 பாகை சுழற்றிவிடும். வளையமாகக் கரைந்த படத்தில் இது தெரியாது. அரைகுறையாகத் தெரியும் விசிறியில் தெரியும்.

ஆர்மேச்சர் (எலும்புச் சட்டகம்) வைத்தோ மாடிஃபையர் (வடிவத்தை மாற்றும் கருவி) வைத்தோ சுழற்றுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது உருமாற்றக் கணக்கில் போகும். அங்கே ஒவ்வொரு முனைப்புள்ளியும் நேர்கோட்டில்தான் நகரும். 60 பாகை சுழற்சியை இரண்டு துண்டாகப் பிரித்தால் இறக்கையின் நுனி நடுவழியில் 3.4 சதவீதம் சுருங்கும், எட்டுத் துண்டாகப் பிரித்தால் 0.2 சதவீதம். விறைப்பான உலோகப் பாகத்தைப் பொருளாகவே சுழற்றுவதுதான் முறை.

வி-ரே என்ற ரெண்டரரைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே கதைதான், அங்கே பெயர் ஜியாமெட்ரி சாம்பிள்ஸ். இயல்பு மதிப்பு 2, அதாவது ஒரே ஒரு நேர்த்துண்டு. சுழலும் பாகத்துக்கு அது போதாது. அதோடு வி-ரேயின் ஃபிசிக்கல் கேமராவில் ஷட்டர் வேகம் வெளிச்சத்தையும் பாதிக்கும். 1/200இலிருந்து 1/3000க்குப் போனால் படம் 15 மடங்கு இருண்டுவிடும், ஐஎஸ்ஓவை 100இலிருந்து 1500க்கு ஏற்ற வேண்டும். பிளெண்டரில் ஷட்டர் மாறினாலும் வெளிச்சம் மாறாது.

சுழலி

மிக்க நன்றி இருவருக்கும். 6 பாகை, 2 பாகை வைத்ததும் பற்கள் அழகாகத் தெரிகின்றன, போல்ட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் விசிறி அதே தண்டில் இருப்பதால் அதுவும் 6 பாகைதான் சுழல்கிறது. இறக்கை இடைவெளி 60 பாகை, பத்தில் ஒரு பங்கு. கொஞ்சம் சோம்பலாகத் தெரிகிறது. விசிறிக்கு மட்டும் 20 பாகை கொடுக்கலாமா? கிம்ப் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

பல்லிணை

செய்முறை விளக்கும் கையேடு என்பதால் கொடுக்க வேண்டாம் என்பேன். ஒரே தண்டில் இரண்டு வேகம் என்பது பார்க்கிறவர் யாரும் விரல் வைத்துச் சொல்ல முடியாத பொய், ஆனால் பொய்தான். முகப்பு அட்டைப் படம் என்றால் வேறு பேச்சு. பிக்சலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இறக்கை நுனி மையத்திலிருந்து 400 பிக்சல் தூரத்தில் இருந்தால் 6 பாகைக்கு 42 பிக்சல் மங்கல். அது குறைவில்லை. குறைவாகத் தெரிவதற்குக் காரணம் இறக்கை அகலமாக இருப்பதும், விளிம்புக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு போதாததும்தான். விசிறிக்குப் பின்னால் வெளிச்சமான உறைப்பகுதி வரும்படி கேமராவையோ விளக்கையோ நகர்த்துங்கள். விளிம்பு மங்குவது அப்போதுதான் கண்ணில் படும்.

இதையொட்டி ஒன்று. கடைசல் பிடித்த வழவழப்பான தண்டு எத்தனை வேகமாகச் சுழன்றாலும் மங்காது, ஏனென்றால் எல்லாக் கோணத்திலும் அது ஒரே வடிவம். சக்கரத்தின் ஹப், பேரிங்கின் உள்வளையம், கப்ளிங் எல்லாம் அப்படித்தான். அங்கே சுழற்சி தெரிய வேண்டுமானால் கீவே (சாவிப் பள்ளம்), செட் ஸ்க்ரூ, முகத்தில் பொறித்த பாக எண் என்று சமச்சீரைக் குலைக்கும் ஏதாவது மாதிரியில் இருக்க வேண்டும். கேட் மாதிரியில் இவற்றைச் சிக்கனத்துக்காக நீக்கியிருந்தால் ரெண்டருக்கு முன் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

அச்சாணி

கிம்ப்பைப் பொறுத்தவரை, தட்டையான ஒரு வட்டத்தகடு கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் செய்யலாம். மற்றபடி வேண்டாம்.

சுழலும் பளபளப்பான தகட்டில் விளக்கின் பிரதிபலிப்பு சுழல்வதில்லை. விளக்கும் கேமராவும் நிற்கின்றன, அதனால் ஒளிப்புள்ளியும் அதே இடத்தில் நிற்கும். உறை சக்கரத்தின் மேல் போடும் நிழலின் விளிம்பும் கூர்மையாகவே இருக்கும். படத்தின் மேல் வட்டமங்கல் பூசினால் ஒளிப்புள்ளியும் நிழலும் சேர்ந்து வளையமாக இழுபடும். உலோகத் தோற்றமே போய்விடுவது அதனால்தான். மறுதிசையிலும் ஒரு குறை உண்டு: விசிறி தரையில் போடும் நிழலும், பளபளப்பான உறையில் தெரியும் அதன் பிம்பமும் மங்க வேண்டும், 2டி மங்கலில் அவை கூர்மையாகவே கிடக்கும்.

கிம்ப்பின் வட்ட மோஷன் பிளர் சுத்தமான வட்டத்தில்தான் போகும். அச்சு கேமராவிலிருந்து 40 பாகை சாய்ந்திருந்தால் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும், குற்றச்சும் நெட்டச்சும் 0.766க்கு 1. அந்த அடுக்கைக் குற்றச்சுத் திசையில் 1.305 மடங்கு இழுத்து, மங்கலாக்கி, திரும்பச் சுருக்கலாம். பெர்ஸ்பெக்டிவ் இல்லாத ஆர்த்தோகிராஃபிக் ரெண்டரில் மெல்லிய தகட்டுக்கு இது பலிக்கும். ஆழமுள்ள, முறுக்கிய இறக்கைக்குப் பலிக்காது.

ரெண்டரின் மோஷன் பிளர் கைவிடும் இடங்களும் உண்டு. டைமிங் பெல்ட்டை டெக்ஸ்சரை நகர்த்தி ஓடவிட்டால் சைக்கிள்ஸ் அதை மங்கலாக்காது. மெட்டீரியலில் நடக்கும் மாற்றம் எதுவும் அந்தக் கணக்கில் சேராது. ஃபிரேமுக்கு ஃபிரேம் முனைப்புள்ளிகளின் எண்ணிக்கை மாறும் மெஷ்ஷும் அப்படியே. அங்கெல்லாம் துணைக் கணங்களைத் தனித்தனியாக ரெண்டர் செய்து சராசரி எடுப்பதுதான் வழி. பாவ்-ரே போல மோஷன் பிளர் உள்ளமையாத ரெண்டரருக்கும் இதே வழி, அங்கே கிளாக் மாறியை வைத்துக் கோணத்தை நகர்த்த வேண்டும்.

எத்தனை படம் வேண்டும் என்பதை வெளி விளிம்பு சொல்லும். 400 பிக்சல் ஆரத்தில் 6 பாகை என்றால் 42 பிக்சல். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 2 பிக்சலுக்கு மேல் தாண்டக்கூடாது என்று வைத்தால் 21 படங்கள், 32 எடுத்தால் தாராளம். அதே விசிறிக்கு 36 பாகை என்றால் வில் 251 பிக்சல், 126 படங்களுக்குக் குறையாமல் வேண்டும். 16 படத்தோடு நிறுத்தினால் மங்கலுக்குப் பதில் 16 இறக்கைகளின் அடுக்கடுக்கான ஆவி தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் சாம்பிளை (ஒரு பிக்சலுக்கு எடுக்கும் ஒளிக்கதிர்களின் எண்ணிக்கையை) குறைத்துக்கொள்ளலாம், 32 படம் தலா 64 சாம்பிள் என்றால் மொத்தம் 2048. சீட் எண் (இரைச்சல் எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும்படி வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் படத்திலும் இரைச்சல் ஒரே இடத்தில் விழுந்து சராசரியில் குறையாது. டீநாய்ஸை (இரைச்சல் நீக்கத்தை) தனிப்படங்களில் அணைத்துவிட்டு, சேர்த்த பிறகு ஒரே தடவை செய்யுங்கள்.

சேமிப்பது ஓபன்இஎக்ஸ்ஆரில் (வெள்ளைக்கு மேலான ஒளியையும் வெட்டாமல் வைக்கும் கோப்பு வகை). இதில் சமரசம் கூடாது. வெள்ளை இறக்கை கருப்புப் பின்னணியில் பாதி நேரம் இருந்தால் சரியான விடை எட்டு பிட் அளவில் 188. காமா (திரைக்கான ஒளி வளைவு) ஏற்றிய பிஎன்ஜிகளை அப்படியே சராசரி எடுத்தால் 128 வரும், மங்கல் எல்லாம் அழுக்காகத் தெரியும். போல்ட் தலையின் மினுக்கம் இன்னும் மோசம். அதன் உண்மை ஒளி வெள்ளையைப்போல 20 மடங்கு என்றால், 20 மடங்கு அகலத்துக்கு இழுபட்ட பின்னும் முழு வெள்ளைக் கோடாகவே இருக்க வேண்டும். பிஎன்ஜியில் அது 1இல் வெட்டுப்பட்டுவிடும், சராசரியில் 0.05 மட்டும் மிஞ்சும். சுழலும் உலோகத்தில் கண்ணைப் பறிக்கும் அந்த ஒளிக்கோடே காணாமல் போய்விடும். சராசரிக்கு இமேஜ்மேஜிக் நிரலின் எவால்யுவேட்-சீக்வென்ஸ், மீன் கட்டளை போதும், எச்டிஆர்ஐ (1ஐத் தாண்டும் மதிப்பு) ஆதரவுள்ள பதிப்பாக இருக்கட்டும். ஏஜிஎக்ஸ் அல்லது ஃபில்மிக் தோற்றத்தை (பிளெண்டரின் நிறமாற்ற அமைப்புகள்) சராசரிக்குப் பிறகுதான் ஏற்ற வேண்டும்.

நிழற்கோடு

திசையைப் பற்றி யாரும் பேசவில்லை. சாதாரண ஷட்டர் முழு நேரமும் ஒரே அளவு திறந்திருப்பதால் மங்கல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். வலமாகச் சுழல்கிறதா இடமாகவா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கையேட்டில் அம்புக்குறி போடுவீர்கள், சரிதான். அதற்கு முன் ஷட்டர் வளைவை மாற்றிப் பாருங்கள்: இடது முனையைக் கீழே இறக்கி, வலது முனை உச்சியில் நிற்கும்படி சாய்வாக ஏற்றுங்கள். ஷட்டர் நிலையை ஃபிரேமின் முடிவில் என்று வையுங்கள். பல்லின் முன்விளிம்பு திடமாகவும், பின்னால் மெல்ல மறையும் வாலாகவும் வரும்.

அதோடு நிற்காமல் அதே ஃபிரேமை மோஷன் பிளர் இல்லாமல் ஒரு தடவை ரெண்டர் செய்து, கம்பாசிட்டரில் 25 முதல் 35 சதவீதம் கலந்துவிடுங்கள். ஷட்டர் மூடும் கணத்தில் ஃபிளாஷ் அடித்து எடுத்த புகைப்படத்தின் தோற்றம் அது. பற்கள் சேரும் இடம் கூர்மையாகப் படிக்கக் கிடைக்கும், ஓட்டமும் தெரியும். இந்தக் கலவையோடு நகர்வை அரை இடைவெளி வரை, அதாவது தண்டுக்கு 9 பாகை, பெரிய சக்கரத்துக்கு 3 பாகை வரை தைரியமாக ஏற்றலாம். விசிறியின் சோம்பலும் அதில் ஓரளவு தீரும், தண்டும் பொய் சொல்லாது.

இரைச்சலுக்கு: இறக்கை அரிதாகக் கடக்கும் மங்கல் ஓரங்களில் அடாப்டிவ் சாம்பிளிங் (இரைச்சல் குறைந்த பிக்சலில் முன்கூட்டியே நிறுத்தும் வசதி) அவசரப்பட்டு நிறுத்திவிடும், ஓரம் பொரிபொரியாகத் தெரியும். குறைந்தபட்ச சாம்பிளை 128 ஆக்கி, நாய்ஸ் வரம்பை 0.01இலிருந்து 0.005க்கு இறக்குங்கள். டீநாய்ஸரைக் கொண்டு இதைச் சமாளிக்கப் பார்த்தால் மெல்லிய ஒளிக்கோடுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

கடைசல்

இடையில் ஒரு கேள்வி. கியர் இல்லாமல் கிராங்க், பிஸ்டன் உள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின் வெட்டுத்தோற்றம் என்றால் இந்தப் பல் இடைவெளிக் கணக்கு எதற்கு ஒப்பாகும்?

பல்லிணை

அங்கே கோணத்தைவிட எந்தக் கணத்தைப் பிடிக்கிறோம் என்பதே முக்கியம். முதல் பிஸ்டன் மேல் முனையில் இருக்கும் நிலையில் 1ம் 4ம் உச்சியில், 2ம் 3ம் அடியில், நான்கும் திரும்பும் புள்ளியில் நிற்கும். சிறிய கோணச் சுழற்சியில் பிஸ்டன்கள் ஏறத்தாழ அசையாதவைபோலத் தெரியும், கிராங்க் மட்டும் மங்கும். கேட் தொகுப்புகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். கிராங்கை மேல் முனையிலிருந்து சுமார் 75 பாகை திருப்புங்கள். கனெக்டிங் ராடின் நீளம் கிராங்க் ஆரத்தைப்போல மூன்றரை மடங்கு இருந்தால் பிஸ்டன் வேகம் உச்சத்தைத் தொடும் இடம் அது. 80 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 20 பாகை கிராங்க் சுழற்சிக்குப் பிஸ்டன் சுமார் 14 மி.மீ. நகரும். பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையிலான தூரத்தைவிட இது அதிகம் என்பதால் ரிங்குகள் ஒன்றோடொன்று கலந்து பட்டையாகிவிடும். ரிங் தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால் அடுத்தடுத்த ரிங்குகளின் தூரத்தை அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிஸ்டன் நகராதபடி கோணத்தைக் குறையுங்கள். பல் இடைவெளியின் இடத்தில் இங்கே அந்தத் தூரம்தான்.